காடாரம் நமக்குச் சொல்லும் பாடம்

(பள்ளிப் பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

உலகத்தின் பழைய நாகரிகங்களைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேசும்படி என்னைக் கேட்டுக்கொண்டார்கள். எகிப்து, பாபிலோன், சிந்துவெளி, சீனம் என்று நான்கு பெயர்களைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடலாம். பாடப்புத்தகத்திலும் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் அவையெல்லாம் தூர தேசத்துச் சமாச்சாரம். நம் ஜெராய் மலையடிவாரத்திலேயே ஒரு பழைய நாகரிகம் இருந்திருக்கிறது. அதை விட்டுவிட்டு எகிப்துக்குப் போவானேன்?

முதலில், நாகரிகம் எப்படித் தோன்றுகிறது என்று பார்ப்போம். நைல், யூப்ரடீஸ், டைகிரிஸ், சிந்து, மஞ்சளாறு என்று எல்லாமே ஆற்றங்கரைதான். ஆற்று வண்டலில் தானியம் நிறைய விளைந்தது. விளைத்தவன் சாப்பிட்டது போக மிச்சம் இருந்தது. அந்த மிச்சம்தான் எல்லாவற்றுக்கும் வேர். மிச்சத் தானியம் இருந்ததால் ஒருவன் பானை செய்தான், ஒருவன் செங்கல் அறுத்தான், ஒருவன் உலோகம் உருக்கினான். பண்டம் மாற்றப் போனவன் வியாபாரி ஆனான். கணக்கு வைக்க எழுத்து பிறந்தது. ஏறக்குறைய 5000 ஆண்டுகளுக்கு முன்னே சுமேரியர் களிமண் பலகையில் எழுதியவற்றில் பெரும்பகுதி என்ன தெரியுமா? தானியக் கணக்கு, ஆட்டுக் கணக்கு, கூலிக் கணக்கு. காவியமெல்லாம் பிறகுதான் வந்தது. நம்ம தோட்டத்துக் கிராணி எழுதிய செக்ரோல் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன்!

இப்போது நம் ஊருக்கு வருவோம். கெடாவுக்குப் பழந்தமிழர் வைத்த பெயர் கடாரம், காடாரம், காழகம். இங்கே நாகரிகம் வளர மூன்று காரணங்கள் இருந்தன: மலை, ஆறு, காற்று.

மலை, நம் குனோங் ஜெராய். 1,217 மீட்டர் உயரம். கடலில் வருகிறவனுக்கு வெகு தூரத்திலிருந்தே தெரியும் அடையாளம் அது. ஆறு, மெர்போக்கும் மூடாவும். மரக்கலங்கள் புயலுக்கு ஒதுங்கி நிற்கவும், குடிதண்ணீர் பிடிக்கவும், உள்நாட்டுச் சரக்கை இறக்கி வரவும் அவை உதவின. மூன்றாவது, காற்று. தென்மேற்குப் பருவக்காற்று பாய்மரத்தை இந்தியக் கரையிலிருந்து இங்கே தள்ளிக்கொண்டு வரும். திரும்பிப் போக வாடைக்காற்று எழும்ப வேண்டும். அதுவரை மாதக்கணக்கில் இங்கேயே காத்துக் கிடக்க வேண்டியதுதான். காத்திருக்கிறவனுக்குச் சோறு வேண்டும், தங்க இடம் வேண்டும், கும்பிட ஒரு கோவில் வேண்டும். இப்படித்தான் ஆற்றங்கரைக் குடியிருப்பு துறைமுகமாயிற்று.

ஆனால் வெறும் தங்குமிடம் என்று நினைத்துவிடாதீர்கள். சுங்கைப்பட்டாணியிலிருந்து மெர்போக் போகிற வழியில், செமிலிங் பக்கம், சுங்கை பத்து என்று ஓரிடம். அங்கே 2009ஆம் ஆண்டு முதல் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் மண்ணைத் தோண்டினார்கள். செம்பனை மரங்களுக்கு அடியில் என்ன கிடைத்தது? இரும்பு உருக்கிய உலைகள், குவியல் குவியலாக இரும்புக் கசடு, துருத்திக் காற்றை உலைக்குள் செலுத்திய சுடுமண் குழாய்கள், படகுத்துறையின் செங்கல் தளங்கள், வட்ட வடிவமான ஒரு செங்கல் மேடை. கி.பி. முதல் நூற்றாண்டுகளிலேயே இங்கே இரும்புத் தொழில் நடந்திருக்கிறது. அதற்கும் பல நூற்றாண்டு முந்தியது என்று அங்கே தோண்டியவர்கள் சொல்கிறார்கள். அந்த வாதம் அறிஞர்களிடையே இன்னும் நடக்கிறது.

அந்த வேலையைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். இரும்புக்கல்லை உடைக்க வேண்டும். காட்டு மரத்தை வெட்டி மூட்டம் போட்டுக் கரியாக்க வேண்டும். களிமண் உலையில் கல்லையும் கரியையும் மாற்றி மாற்றிக் கொட்டி, துருத்தியை நிறுத்தாமல் ஊத வேண்டும். ஆயிரம் பாகைக்கு மேல் சூடு ஏறினால்தான் கசடு வழிந்து இரும்பு கட்டியாகச் சேரும். பிறகு அதை எடுத்து அடி அடியென்று அடிக்க வேண்டும். வெயிலிலும் மழையிலும் பால்மரம் வெட்டிப் பழகிய உங்களுக்கு அந்தப் பாடு புரியும். சும்மா வந்ததா நாகரிகம்? முதுகு ஒடிந்து வந்தது!

இந்தச் சரக்கு எங்கெங்கே போயிற்று, யார் யார் வந்தார்கள் என்பதற்கும் சாட்சி உண்டு. சங்க நூலான பட்டினப்பாலை, காவிரிப்பூம்பட்டினத்துக் கடைத்தெருவில் வந்து குவிந்த பொருள்களைச் சொல்லும்போது காழகத்துப் பொருளையும் சேர்த்துச் சொல்கிறது. காழகம் என்றால் கடாரம் என்று உரை எழுதினார் நச்சினார்க்கினியர். 1834இல் ஜேம்ஸ் லோ என்ற பிரிட்டிஷ் அதிகாரி செபராங் பிறையில் ஒரு கல்வெட்டைக் கண்டெடுத்தார். அது ஐந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. புத்தகுப்தன் என்ற மாலுமி, தன் கடற்பயணம் நல்லபடியாக முடிய வேண்டும் என்று பொறித்து வைத்தது. ஏழாம் நூற்றாண்டில் சீனத்து பௌத்தத் துறவி இ-சிங் இந்தியாவுக்குப் போகும் வழியில் கெடாவில் தங்கி, இங்கிருந்து கப்பலேறினார்; 673இல் வங்கக் கரையில் இறங்கினார். ஆற்று முகத்தில் இருந்த சுங்கை மாசில் கண்ணாடி மணிகளை இங்கேயே செய்திருக்கிறார்கள். பெங்காலான் பூஜாங்கில் சீனத்துப் பீங்கான் ஓடுகள் ஏராளமாகக் கிடைத்தன. இந்தியனும் சீனனும் அரேபியனும் சந்தித்துக்கொண்ட சந்தை இது.

இனி நான் சொல்லப் போவதைப் பெற்றோர்கள் கொஞ்சம் கவனமாகக் கேட்க வேண்டும்.

கடாரம் என்றதும் நம்மவர்களுக்கு நெஞ்சு நிமிர்ந்துவிடும். 'கடாரம் கொண்டான்' என்று இராசேந்திர சோழனுக்குப் பட்டம். 1025இல் அவன் கப்பற்படை இந்தக் கரைக்கு வந்தது உண்மை. 'பார்த்தாயா, நாம் ஆண்ட மண்' என்று மேடையில் முழங்குவார்கள், கைதட்டலும் விழும். ஆனால் வரலாற்றை முழுசாகப் படிக்க வேண்டும். அதற்குச் சுமார் 20 ஆண்டுகளுக்கு முன்பு என்ன நடந்தது? கடாரத்து மன்னன் தன் தந்தை பெயரால் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் என்ற பௌத்தப் பள்ளியைக் கட்டினான். இராசேந்திரனின் தந்தை இராசராசன், தான் சைவனாக இருந்தும், 1006 வாக்கில் ஆனைமங்கலம் என்ற ஊரையே அந்தப் பள்ளிக்கு மானியமாக விட்டான். ஆனைமங்கலச் செப்பேடு இதைச் சொல்கிறது. அப்பன் ஊரைக் கொடுத்தான், மகன் படையை அனுப்பினான். இரண்டும் நம் வரலாறுதான். படை ஒரு பருவத்தில் வந்து போயிற்று. வியாபாரமும் நட்பும் அதற்கு முன்னும் பின்னும் பல நூறு ஆண்டு நடந்தன. எதை நாம் பிள்ளைகளுக்குப் பெருமையாகச் சொல்லிக் கொடுக்க வேண்டும்? நீங்களே யோசியுங்கள்.

இன்னொன்று. பூஜாங் பள்ளத்தாக்கில் இருக்கும் பழங்கோவில்களை மலாயில் சண்டி என்பார்கள். அவற்றில் பெரியது புக்கிட் பத்து பஹாட் சண்டி. 1959, 1960ஆம் ஆண்டுகளில் அலஸ்டர் லாம்ப் என்ற ஆய்வாளர் முன்னின்று அதன் கற்களை மறுபடி அடுக்கி நிறுத்தினார். சிவன் கோவில் என்பதே அறிஞர்கள் கருத்து. பள்ளத்தாக்கில் பிள்ளையார் உருவமும் கிடைத்திருக்கிறது, பௌத்தச் சின்னங்களும் கிடைத்திருக்கின்றன. அதனால் எல்லாம் நாம் கொண்டுவந்து கொடுத்தது என்று சொல்லலாமா? கூடாது. தெய்வமும் எழுத்தும் கடல் தாண்டி வந்தன. இரும்புக்கல் இந்த மண்ணுடையது. ஆற்றின் போக்கை அறிந்தவன் இந்த மண்ணின் குடிமகன். வந்தவன் அறிவும் இருந்தவன் அறிவும் கை கோத்தபோதுதான் பழைய கெடா எழுந்தது. இது முழுக்க எங்களுடையது என்று நாம் சொன்னாலும் தவறு. இதில் உங்களுக்குப் பங்கே இல்லை என்று வேறு யாராவது சொன்னாலும் தவறு.

சரி, இந்தச் சமூகத்தில் யார் யார் இருந்தார்கள்? அரசன் பெயர் செப்பேட்டில் இருக்கிறது. மாலுமி பெயர் கல்லில் இருக்கிறது. துறவி தானே புத்தகம் எழுதி வைத்துவிட்டுப் போனார். உலையில் துருத்தி ஊதியவன் பெயர்? செங்கல் அறுத்த பெண்ணின் பெயர்? ஒன்றும் இல்லை. அவர்கள் கை வேலை மட்டும் இருக்கிறது. சுடுமண் குழாயையும் கசட்டையும் வைத்துத்தான் 'இங்கே மனிதர் வேலை செய்தார்கள்' என்று இன்றைக்குக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

ஐயா, அம்மா, இது யாருடைய கதை மாதிரி இருக்கிறது? நம் பாட்டன் பூட்டன் கதை மாதிரி இல்லையா? கங்காணி கூட்டிவர, கப்பலேறி, பினாங்கில் இறங்கி, கெடாக் காட்டை அழித்து ரப்பர் நட்டவர்கள் அவர்கள். எந்தத் துரை எந்தத் தோட்டத்துக்கு மானேஜராக இருந்தார் என்பது கம்பெனிக் கணக்கில் இருக்கும். முதல் நிரையில் மரம் நட்ட தாத்தாவின் பெயர் எங்கே இருக்கிறது? பிரட்டுக் களத்தில் கூப்பிட்ட பெயர் காற்றோடு போயிற்று. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பல தோட்டங்கள் துண்டாடப்பட்டன, லயங்கள் போய் வீடமைப்புப் பகுதிகள் எழும்பின. லயத்தோடு நினைவும் போய்விட்டால், நாளைக்கு நம் பேரப்பிள்ளைகளும் மண்ணைத் தோண்டித்தான் நம்மைத் தேட வேண்டும். மங்கும் உளியும் கிடைக்கும்; பெயர் கிடைக்காது.

அழிவது எவ்வளவு சுலபம் என்பதற்கும் உதாரணம் சொல்கிறேன். நாகப்பட்டினத்தில் மிஞ்சி நின்ற பழைய பௌத்தக் கோபுரத்தை 1867இல், ஆங்கிலேயர் ஆட்சியில், இடித்துத் தள்ளினார்கள். இந்தப் பக்கம், நம் பூஜாங் பள்ளத்தாக்கில் 11ஆம் எண் கொண்ட சண்டியை, வீடமைப்புக்காக நிலத்தைச் சமன்படுத்தியபோது இடித்துவிட்ட செய்தி 2013இல் வெளிவந்தது. பிறகு எவ்வளவு சத்தம் போட்டும் என்ன பயன்? ஆயிரம் ஆண்டு நின்றதை இயந்திரம் சொற்ப நேரத்தில் தரைமட்டமாக்கிவிட்டது. ஒரே கடல்வழியின் இரண்டு முனையிலும் இப்படி ஒவ்வொன்றைத் தொலைத்திருக்கிறோம்.

ஆகவே மாணவச் செல்வங்களே, உங்களுக்கு மூன்று வேலை கொடுத்துவிட்டுப் போகிறேன்.

முதலாவது, மெர்போக்கில் தொல்பொருள் காட்சிச்சாலை இருக்கிறது. பக்கத்திலேயே அந்தச் சண்டியும் இருக்கிறது. கடற்கரைக்கும் நீர்வீழ்ச்சிக்கும் பஸ் பிடிக்கிற நாம், ஒரு தடவை அங்கேயும் போய் வரலாம். பெற்றோர் ஆசிரியர் சங்கம் ஏற்பாடு செய்தால் நல்லது. படத்தில் பார்ப்பது வேறு, அந்தக் கல்லில் கை வைத்துப் பார்ப்பது வேறு.

இரண்டாவது, ஆற்றோரத்திலோ காட்டிலோ பழைய செங்கல், மணி, பானை ஓடு ஏதாவது கண்ணில் பட்டால் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடாதீர்கள். இருந்த இடத்தில் இருந்தால்தான் அது பேசும். ஆசிரியரிடம் சொல்லுங்கள். அவர் காட்சிச்சாலைக்குத் தெரிவிப்பார்.

மூன்றாவதுதான் முக்கியம். இன்றைக்கு ராத்திரி வீட்டுக்குப் போனதும் தாத்தா பாட்டியிடம் உட்காருங்கள். 'தாத்தா, உங்க அப்பா எந்த ஊரிலிருந்து வந்தாரு? எந்த வருஷம் வந்தாரு? முதல்ல எந்தத் தோட்டத்துல வேலை செஞ்சாரு? அப்ப கூலி எவ்வளவு?' என்று கேளுங்கள். அவர்கள் சொல்வதைச் சொன்னபடியே ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி, பெயரும் தேதியும் போட்டு வையுங்கள். பழைய போட்டோ இருந்தால் பின்பக்கம் யார் யார் என்று பென்சிலால் குறித்து வையுங்கள். பெற்றோர்களே, பிள்ளை கேட்கும்போது 'போடா, வேற வேலை இல்லையா' என்று விரட்டாதீர்கள். எழுதத் தெரியாத நம் முன்னோர் பேசிவிட்டுப் போனார்கள். எழுதத் தெரிந்த பிள்ளையை இந்தப் பள்ளிக்கூடம் உங்களுக்குக் கொடுத்திருக்கிறது. அந்த எழுத்தின் முதல் கடன் அவர்களுக்குத்தான்.

சுமேரியன் கூலிக் கணக்கை எழுதி வைத்தான். அதனால் அவன் ஊரில் வேலை செய்தவர்களைப் பற்றி இன்றும் உலகம் பேசுகிறது. காடாரத்து இரும்புத் தொழிலாளியைப் பற்றி எழுத ஒருவரும் இல்லை; அவன் பெயரில்லாமல் போனான். நம் தோட்டத்துக் கதை எந்தப் பக்கம் சேரப் போகிறது என்பது, இதோ முன்வரிசையில் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் உங்கள் கையில் இருக்கிறது.

பரிசு பெறும் பிள்ளைகளுக்கு என் பாராட்டு. இந்த வருஷம் பரிசு கிடைக்காத பிள்ளைகளும் மனம் தளர வேண்டாம். நான் சொன்ன மூன்றாவது வேலைக்குப் பரீட்சையும் இல்லை, முதலிடம் இரண்டாமிடமும் இல்லை.