மலை ஏறுகிறவர்களின் பாட்டுகள்

(தோட்டத்து ஜெபக் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



 காலையிலிருந்து மலையில் நின்று, கொழுந்து நிறுத்துக் கொடுத்து, வீட்டுக்குப் போய் பிள்ளைகளுக்குச் சோறாக்கி வைத்துவிட்டு இங்கே வந்திருக்கிறீர்கள். ஆகவே நீட்டிப் பேசப் போவதில்லை.

சங்கீதப் புத்தகத்தைப் பற்றித்தான் பேச்சு. கத்தோலிக்க உறவுகள் திருப்பாடல்கள் என்பார்கள், புத்தகம் ஒன்றுதான். பழைய கத்தோலிக்க வேதாகமம் வைத்திருப்பவர்கள் மட்டும் நாம் இன்று சொல்லும் எண்களில் ஒன்றைக் குறைத்துப் பார்க்கவேண்டும். மொத்தம் 150 சங்கீதங்கள். இத்தனையா என்று மலைத்துப்போய், நம்மில் பலர் 23 ஆம் சங்கீதத்தோடு நின்றுவிடுகிறோம். கல்யாணத்துக்கும் அதுதான், சாவு வீட்டுக்கும் அதுதான். அருமையான சங்கீதம், குறை சொல்லவில்லை. ஆனால் தினந்தோறும் ஒரே கறியையா சமைக்கிறோம்?

120 முதல் 134 வரை எடுத்துப் பாருங்கள். 15 சங்கீதங்கள். ஒவ்வொன்றின் தலைப்பிலும் ஆரோகண சங்கீதம் என்று போட்டிருக்கும். ஆரோகணம் என்றால் ஏறுவது. எருசலேம் மலைமேல் இருக்கிற நகரம். பண்டிகைக்குப் போன ஜனங்கள் பிள்ளை குட்டிகளோடு கால்நடையாக அந்த மேட்டில் ஏறும்போது பாடிய பாட்டுகள் இவை என்று வேத அறிஞர்கள் பலர் சொல்லுகிறார்கள். ஏறுகிறவனுக்கு மூச்சு வாங்குமே, அதனால்தானோ என்னவோ, பாட்டுகள் நீளமில்லை. பெரியது 132, அதுவும் 18 வசனம்தான். பெரட்டுக்குப் போகுமுன் தேத்தண்ணி ஆறுகிற நேரத்துக்குள் ஒன்றை வாசித்துவிடலாம். 15 நாளைக்கு 15, மாதத்தில் இரண்டு சுற்று.

நாமும் நடந்து ஏறி வந்த சனந்தானே. கோப்பிக் காலத்தில் நம்முடைய பாட்டன் பூட்டன்மார் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரைக்கும் நடந்தார்கள். காய்ச்சலிலும் காலராவிலும் எத்தனையோ பேர் வழியிலேயே விழுந்தார்கள். பகல் வெயிலுக்கும் கால் சறுக்குவதற்கும் பயந்து நடக்கிறவனின் பாட்டு 121. அதை வாசிக்கும்போது அவர்களை நினைத்துக்கொள்ளுங்கள்.

இந்த 121 ஐ பச்சை மலைப் படம் போட்டுக் கலண்டரில் அச்சடிப்பார்கள். மலை நமக்குப் படமா? மழைக்கு வழுக்கும், அட்டை ஏறும், குளவி கொட்டும். சங்கீதக்காரன் நடந்த மலைகளிலும் வழிப்பறிக் கள்ளர் பதுங்கியிருந்தார்கள். அவன் மலையைப் பார்க்கிறான், எனக்கு உதவி எங்கேயிருந்து வரும் என்று கேட்கிறான். மலையிலிருந்து என்று அவன் சொல்லவில்லை, மலையைப் படைத்தவரிடமிருந்து என்கிறான். எட்டே வசனத்துக்குள் காக்கிறதைக் குறிக்கும் எபிரேயச் சொல் ஆறு தடவை வருகிறது. ஏன் அத்தனை தடவை? பயந்த பிள்ளைக்கு ஒருதரம் சொன்னால் போதாது, அதனால்தான்.

அப்படியானால் 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியதே, அந்தச் சனங்களை ஏன் காக்கவில்லை என்று ஒருவர் கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும். நம்மிடம் சுலபமான பதில் கிடையாது, இருப்பதாகச் சொல்லுகிறவரை நம்பவும் வேண்டாம். ஆனால் இதே புத்தகத்தில் அந்தக் கேள்வியும் இருக்கிறது. 13 ஆம் சங்கீதம் எவ்வளவு காலத்துக்கு என்று நாலு தடவை கேட்டுத்தான் தொடங்குகிறது. 88 ஐ வாசித்தால் கடைசி வரைக்கும் ஆறுதல் வராது, இருட்டிலேயே முடிந்துவிடும். அதையும் ஜெபமென்று ஏற்றுக்கொண்டு வேதத்தில் வைத்திருக்கிறார்கள். பிள்ளையைப் புதைத்த தாயிடம் போய் 23 ஐச் சொல்ல வாய் வராவிட்டால், 88 ஐ வாசித்துவிட்டுச் சும்மா பக்கத்தில் இருங்கள். இன்னொன்று, லயத்துக்கு மேலே மண் வெடித்திருப்பதைக் கண்டும் கடவுள் காப்பார் என்று உள்ளே படுத்திருப்பது விசுவாசமாகாது. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வெளியே வாருங்கள். ஜெபத்தை அங்கே பண்ணலாம்.

நமக்கென்றே எழுதியதோ என்று நினைக்க வைப்பது 123. நாலே வசனம். வேலைக்காரர் எசமானின் கையையும் வேலைக்காரி எசமானியின் கையையும் பார்த்து நிற்கிற மாதிரி நாங்கள் கடவுளைப் பார்த்து நிற்கிறோம் என்கிறது. கையைப் பார்த்து நிற்பது என்னவென்று நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. தராசுக்குப் பக்கத்தில், இன்றைக்கு முழுப் பேரா, அரைப் பேரா என்று கணக்கு எழுதுகிற கையைப் பார்த்து நின்றவர்கள்தானே நாம். பிறகு அந்தப் பாட்டு, சொகுசாக இருப்பவர்களின் ஏளனத்தைத் தாங்கித் தாங்கி எங்களுக்குப் போதுமென்று ஆகிவிட்டது என்கிறது. அத்தோடு முடிகிறது. பொறுத்துக்கொள், முறுமுறுக்காதே என்ற பேச்சே அதில் இல்லை.

விசுவாசி என்றால் வாயைத் திறக்கக்கூடாது என்று சொல்லுகிறவர்கள் இருக்கிறார்கள், அதற்கு வேதத்தையும் துணைக்கு இழுப்பார்கள். கடவுளிடமே முறைப்பாடு சொல்லலாம் என்றால், தொழிற்சங்கத்தில் சொல்லுவதும் சம்பளக் கணக்கைக் கேட்பதும் எப்படிப் பாவமாகும்? அதேநேரம், பட்ட அவமானத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து பொண்டாட்டி பிள்ளைமேல் இறக்குகிறவர்களும், போத்தலைத் தேடிப் போகிறவர்களும் நம் மத்தியில் இருக்கிறார்கள். அந்தக் கசப்பை வீட்டுக்குள் நுழையுமுன் இஸ்தோப்பில் நின்று கடவுளிடம் கொட்டிவிடுங்கள். அதற்கு 123 போதும்.

அம்மாமார் 127 ஐக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். விடியுமுன் எழும்பி, ராவில் எல்லாருக்கும் பிறகு படுத்து, கவலையைப் பிசைந்து சாப்பிடுகிற பிழைப்பைப் பற்றி அது பேசுகிறது. பிரியமானவர்களுக்குக் கடவுள் என்ன கொடுக்கிறார் தெரியுமா? தூக்கம். ஆம்பிளைகளிடம் ஒரு கேள்வி. கடவுள் கொடுக்கிற தூக்கத்தை வீட்டில் யார் பறிக்கிறது? நாலு மணிக்கு எழும்பி அடுப்பு மூட்டி ரொட்டி சுட உங்களுக்கும் கை இருக்கிறதே. (சிரிக்கிறீர்கள். சிரிக்காதவர்களைத்தான் கேட்டோம்.)

எழுத்து வாசிக்கத் தெரியாதே என்று ஆச்சிமார் சிலர் கவலைப்பட்டார்கள். அஞ்சாம் வகுப்புப் பிள்ளையை உட்கார வைத்துச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். பாட்டாகப் பிறந்ததுதானே, காதுக்குப் போனால் போதும். பிள்ளைக்கும் தமிழ் வாசிப்பு ஓடும். 131 தாயின் மடியில் அமைதியாக இருக்கிற பால் மறந்த குழந்தையைப் பற்றியது. அதை ஆச்சிமார் ஒரே வாரத்தில் மனப்பாடம் பண்ணிவிடுவீர்கள்.

கடைசிப் பாட்டு 134, இரவில் ஆலயத்தில் நின்று பணிசெய்கிறவர்களுக்கு உரியது. ஸ்டோரில் இரவு வேலைக்குப் போகிற பிள்ளைகள் அதை எடுத்துக்கொள்ளலாம். மூன்றே வசனம். மெஷின் சத்தத்தில் வாய்விட்டுப் பாடினாலும் பக்கத்தில் நிற்கிறவருக்குக்கூடக் கேட்காது.