குடும்பவழி இதய நோயும் நம் துணிவும்

(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

பிழைப்பு நாடிப் பள்ளுருத்திக்கு வந்து வேரூன்றிய தமிழ்ப் பெருமக்களே!

விழா மேடையில் நோயைப் பற்றிப் பேசுவதா எனச் சிலர் முகம் சுளிக்கக்கூடும். பேசாதிருந்ததன் விலையை நம் தெருவே கொடுத்திருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன், பந்தாடிக்கொண்டிருந்த இளைஞர் ஒருவர் திடீரென விழுந்து மாண்டார். கண்ணேறு என்றனர் பலர். மருத்துவரோ, "குடும்பத்தில் வேறு எவரேனும் இவ்வாறு இறந்ததுண்டா?" என்று தாயாரிடம் கேட்டார். நெடுநேரம் கழித்து அந்த அம்மையார், தேனிப் பக்கத்தில் தம் தம்பியும் இளமையிலேயே வயலில் விழுந்து இறந்ததைச் சொன்னார். மகளுக்கு வரன் தட்டிப்போகுமென்று அஞ்சி மறைத்த செய்தி அது.

இதயத் தசை அளவுக்கு மீறித் தடிக்கும் இந்நோய் பெரும்பாலும் பரம்பரையாக வருவது. பெற்றோரில் ஒருவருக்கு மரபணுக் குறை இருப்பின், ஒவ்வொரு பிள்ளைக்கும் அது சேரப் பாதிக்குப் பாதி வாய்ப்புண்டு. இஃது எவர் செய்த பாவமுமன்று. இதயத் தசைப் புரதம் ஒன்றுக்குரிய மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்ட ஒரு குறை, தெற்காசிய மக்களில் நூற்றுக்கு நால்வரிடம் உள்ளதெனப் பெருந்துறை தண்டபாணி, ஐதராபாத்துத் தங்கராஜ் முதலிய அறிஞர்கள் 2009-இல் வெளியிட்டனர். நூற்றுக்கு நால்வர்! அக்குறையுடையோர்க்கு இதயம் தளரும் ஆபத்து மிகுதி. ஆயினும் நோயே வெளிப்படாமல் முதுமை கண்டோரும் உளர். இதில் நாணுவதற்கு என்ன இருக்கிறது?

மாண்டவரின் தங்கைக்கு ஈ.சி.ஜி.யும் எக்கோவும் எடுத்தனர். தடிப்புத் தெரிந்தது. சில மாதங்கள் அவர் மாடிப்படி ஏறவும் அஞ்சினார். எது செய்யலாம், எது கூடாது, மயக்கம் வந்தால் எங்கு விரைவது என மருத்துவர் பொறுமையாக விளக்கிய பின்னரே அச்சம் தணிந்தது. நாள்தோறும் மாத்திரை உண்டு. தாறுமாறாகத் துடிக்கும் இதயத்தை மீட்க, தேவைப்படுவோர்க்கு நெஞ்சில் பொருத்தும் கருவியும் உண்டு. இவருக்கு அது வேண்டியிருக்கவில்லை. இன்று தையற்கூடத்தில் உழைக்கிறார்.

பெண் பார்க்க வந்தவர்களிடம் நோயைத் தாமே முதலில் சொன்னார். அவ்வரன் போயிற்று. "போகட்டும் அண்ணா, மாத்திரையை ஒளித்து ஒளித்து விழுங்க என்னால் ஆகாது" என்றார் எங்களிடம். நாங்கள் தலைகுனிந்தோம். மறைக்கும்படி அறிவுரை சொன்னவர்களில் நாங்களும் இருந்தோம்.

அன்பர்களே, இன்றிரவே ஊரிலுள்ள பெரியவர்களிடம் கேளுங்கள்: நம் குடும்பத்தில் இளம் வயதில் திடீரென இறந்தவர் எவரெவர்? ஒரு தாளில் எழுதி மருத்துவரிடம் காட்டுங்கள். மருத்துவமனைக்குத் துணை வேண்டுவோர் சங்கத்தில் சொல்லி வையுங்கள். துணைக்கு வருவோருள் அத்தங்கையும் ஒருவர்.