யார் செலவில் வைத்தியம்? பாக் நீரிணையின் இரு கரைகளில் பொது மருத்துவமும் காப்பீடும்

(ஒரத்தநாடு கருத்தரங்கத் தலைமை உரை)

நோய்க்கு ஆகும் செலவை ஏற்க மூன்று வழிகள் உண்டு. நோயாளியே கையிலிருந்து கொடுக்கலாம். எல்லாரும் கட்டிய வரியிலிருந்து அரசு கொடுக்கலாம். நோய் வருமுன் பலரும் கட்டிவைத்த பிரீமியத்திலிருந்து காப்பீட்டு நிறுவனம் கொடுக்கலாம். 1883-இல் ஜெர்மனியில் பிஸ்மார்க் கொண்டுவந்த தொழிலாளர் நோய்க் காப்பீடு மூன்றாம் வழிக்கும், 1948 ஜூலை 5 அன்று பிரிட்டனில் தொடங்கிய தேசிய சுகாதாரச் சேவை இரண்டாம் வழிக்கும் உலகறிந்த முன்மாதிரிகள். பொது மருத்துவமா, காப்பீடா என்ற விவாதம் வழக்கமாக இவ்விரண்டையும் எதிரெதிரே நிறுத்தி நடக்கிறது. காவிரிப் படுகையில் அதை முதல் வழியிலிருந்து தொடங்குவதே முறை. குறுவைக்கும் சம்பாவுக்கும் நடுவில் வரும் நோய்க்கு இங்கே பணம் புரள்வது நகையை அடகு வைத்தோ, வட்டிக்கு வாங்கியோ, மாட்டை விற்றோதான். எந்த ஏற்பாடு இந்தக் கைக்காசுச் செலவைக் குறைக்கிறது, யாருக்குக் குறைக்கிறது என்பதே ஒப்பீட்டுக்கு உரிய அளவுகோல்.

ஒப்பிட அட்லாண்டிக் கடலின் இரு கரைகளைத் தேடிப் போக வேண்டியதில்லை. பாக் நீரிணையின் இரு கரைகளிலும் தமிழர் வாழ்கின்றனர், நெல் விளைகிறது, ஒரே காலனி ஆட்சியின் ஆஸ்பத்திரிகள் நின்றன. சுதந்திரத்துக்குப் பின் இரண்டும் வேறு வேறு பாதையில் போயின.

இலங்கையின் பாதை இரண்டு நிகழ்வுகளில் தொடங்குகிறது. ஒன்று, 1931-இல் டொனமூர் அரசியலமைப்பு வழங்கிய சர்வசன வாக்குரிமை. மற்றது, 1934-35-இல் பரவிய மலேரியா. அந்தக் கொள்ளைநோய் ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கொண்டுபோனது. வாக்குரிமை பெற்ற கிராமத்து மக்கள் செத்து விழுந்தபோது ஆட்சியாளரால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. கிராமப்புறங்களில் சிறு வைத்தியசாலைகளும் மருந்தகங்களும் விரைந்து எழுந்தன. 1926-இலேயே களுத்துறையில் ஒரு சுகாதாரப் பிரிவு தொடங்கியிருந்தது. ஒரு வட்டாரத்துக்கு ஒரு சுகாதார வைத்திய அதிகாரி, அவரின் கீழ் வீடு வீடாகச் செல்லும் மருத்துவிச்சிகள் என்ற அந்த அமைப்பே பின்னர் தீவு முழுதும் விரிந்தது. 1951-இல் அரசு வைத்தியசாலைக் கட்டணம் நீக்கப்பட்டது. 1971-இல் 25 சதம் என்று ஒரு சிறு கட்டணம் மீண்டும் வந்து, 1977-இல் போய்விட்டது.

மருத்துவிச்சியின் வேலை சற்று உற்றுப் பார்க்கத் தக்கது. தன் பகுதியில் திருமணமான பெண்களின் பதிவேடு அவரிடம் இருக்கும். கருத்தரித்தது முதல் குழந்தை பள்ளிக்குப் போகும் வரை அந்தக் குடும்பத்தின் கணக்கை அவரே வைத்திருப்பார். எடை குறைந்தால் தெரியும். தடுப்பூசி தவறினால் வீட்டு வாசலில் நிற்பார். 1930களில் லட்சம் பிறப்புக்கு 2,000-ஐத் தாண்டியிருந்த தாய் இறப்பு, கொரோனாவுக்கு முந்தைய ஆண்டுகளில் 40-க்கும் கீழே இறங்கியதில் இந்தப் பதிவேட்டுக்குப் பெரும் பங்குண்டு. காப்பீட்டு நிறுவனம் எதுவும் இப்படி ஒரு பதிவேட்டை வைக்காது. நோய் வந்த பிறகு வரும் பில்லைத் தீர்ப்பதற்கே அது அமைந்தது.

இலங்கை ஏற்பாட்டின் ஓட்டைகளையும் மறைக்கக் கூடாது. 1977 முதல் அரசு வைத்தியர்கள் பணி நேரத்துக்குப் பின் தனியாகப் பார்க்க அனுமதிக்கப்பட்டனர். மாலையில் காசு கட்டி விசேட வைத்தியரைப் பார்ப்பதைச் சனல் பண்ணுவது என்று அங்குள்ள தமிழர் சொல்கின்றனர். உள்நோயாளிகளில் மிகப் பெரும்பாலோர் அரசு வைத்தியசாலையில் படுக்கின்றனர். வெளிநோயாளர் சிகிச்சையில் ஏறத்தாழ பாதி தனியாரிடம் போகிறது. எனவே இலவச வைத்திய நாடு என்று பெயர் பெற்ற இலங்கையிலும் மொத்த மருத்துவச் செலவில் பாதியை ஒட்டிய தொகை மக்களின் கைக்காசுதான். ஆனாலும் அங்கே மருத்துவச் செலவால் குடும்பம் கடனில் மூழ்குவது இந்தியாவை விடக் குறைவு. வசதியுள்ளவர் விரும்பிச் சனல் பண்ணக் கொடுக்கும் பணம் அதில் பெரும் பகுதி. ஏழைக்கு அறுவை சிகிச்சையோ நீண்ட படுக்கையோ தேவைப்பட்டால் போதனா வைத்தியசாலை பில் போடுவதில்லை. கைக்காசின் மொத்த விகிதத்தை மட்டும் பார்த்து இரண்டு நாடுகளை எடை போடுவது தவறான முடிவுக்கே இட்டுச் செல்லும்.

மற்றொரு ஓட்டை தமிழரை நேரடியாகத் தொடுகிறது. தஞ்சாவூர், திருச்சி, புதுக்கோட்டை, சேலம் பக்கங்களிலிருந்து மலையகம் சென்ற தோட்டத் தொழிலாளரின் மருத்துவம் நெடுங்காலம் தோட்ட நிர்வாகங்களின் பொறுப்பில் விடப்பட்டது. நாடு முழுவதற்குமான இலவச சேவை லயன் வீடுகளை முழுமையாக எட்டவில்லை. 1948-இன் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவராக்கியதும் இதோடு சேர்ந்தது. 1990களில்தான் தோட்ட ஆஸ்பத்திரிகளை அரசு கையேற்கத் தொடங்கியது. அது இன்னும் முடிந்தபாடில்லை. முதலாளி பொறுப்பில் விட்ட வைத்தியம் எப்படி இருக்கும் என்பதற்கு ஒரே தீவுக்குள் கிடைக்கும் சான்று இது.

தமிழ்நாட்டின் கதைக்கு ஒரத்தநாடே நல்ல நுழைவாயில். தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி 1801-இல் ஆங்கில ரெசிடெண்டுக்கு எழுதிய கடிதம், தஞ்சை ராஜ்யத்துச் சத்திரங்களில் சோறு மட்டும் போடப்படவில்லை என்பதைக் காட்டுகிறது. வழிப்போக்கர் நோயுற்றால் வைத்தியர் பார்த்தார், மருந்தும் பத்திய உணவும் கிடைத்தன. அடுத்து எழுந்த ஒரத்தநாட்டு முத்தாம்பாள் சத்திரமும் அந்த மரபில் வந்ததே. இச்சத்திரங்களுக்கென்று கிராமங்கள் மானியமாக விடப்பட்டிருந்தன. நிலத்தின் வருவாய் நேராக வைத்தியத்துக்குப் போனது. சீட்டோ சந்தாவோ கேட்கப்படவில்லை. பின்னர் தஞ்சை மிராசுதார்களின் நன்கொடையில் ராஜா மிராசுதார் ஆஸ்பத்திரி வந்தது. 1939-இன் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம், பணம் இல்லாத காரணத்தால் எவருக்கும் சிகிச்சை மறுக்கப்படக் கூடாது என்ற 1946-இன் போர் (Bhore) குழு அறிக்கை, 1950களின் இறுதியில் தொடங்கிய தஞ்சை மருத்துவக் கல்லூரி என்று அந்த வரிசை நீள்கிறது.

இந்த வரிசையில் அதிகம் பேசப்படாதது, ஆனால் மிக அதிகம் பேச வேண்டியது, 1994-இல் நிறுவிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம். அதற்கு முன் அரசு ஆஸ்பத்திரியில் மருந்து இல்லை என்பதே வழக்கமான பதில். வெளியில் எழுதிக் கொடுப்பார்கள். கழகம் மாநிலம் முழுவதற்குமான மருந்தை ஒரே டெண்டரில், வணிகப் பெயர் நீக்கி மூலப்பெயரில் வாங்கியது. மாவட்டந்தோறும் கிடங்கு அமைத்தது. ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் ஆண்டு ஒதுக்கீட்டைக் காட்டும் பாஸ்புக் ஒன்று உண்டு. எடுக்கும் மருந்தின் விலை அதில் கழியும். தேவைக்கேற்ப எதையும் எடுத்துக்கொள்ளலாம். வந்த சரக்கின் மாதிரி பரிசோதனைக் கூடத்தில் தேறிய பிறகே விநியோகம். கடலுக்கு அப்பால் பேராசிரியர் சேனக பிபிலே முன்னின்று 1971-இல் அமைத்த அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனமும் மூலப்பெயரில் மொத்தமாக வாங்கும் இதே வழியைத்தான் பிடித்தது. ஏழையின் கைக்காசு அதிகம் கரைவது மருந்துக் கடையில் என்பதை இரு கரைகளும் கண்டுகொண்டன. காப்பீட்டை விட இந்தக் கிடங்கே தமிழ்நாட்டு ஏழைகளுக்கு அதிகம் சேமித்துக் கொடுத்தது என்று சொல்வதில் தயக்கம் தேவையில்லை.

மாநில அரசின் காப்பீடு இங்கே வந்தது 2009 ஜூலை 23 அன்று, உயிர் காக்கும் உயர் சிகிச்சைக்கான கலைஞர் காப்பீட்டுத் திட்டமாக. குடும்பத்துக்கு நான்கு ஆண்டுகளில் ஒரு லட்சம் ரூபாய். காப்பீட்டாளர் ஒரு தனியார் நிறுவனம். 2012 ஜனவரி 11 முதல் அது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாகி, பொதுத்துறையின் யுனைடெட் இந்தியா நிறுவனத்திடம் போனது. 2018 செப்டம்பரில் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு இணைந்தபின் தொகை ஆண்டுக்கு ஐந்து லட்சமாயிற்று. பிரீமியத்தைக் குடும்பம் கட்டுவதில்லை, அரசே கட்டுகிறது. ஆகவே இதுவும் வரிப்பணமே. வரிப்பணம் ஆஸ்பத்திரிக் கட்டடமாகவும் சம்பளமாகவும் போவதற்குப் பதிலாக, ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு பேக்கேஜ் தொகையாகப் போகிறது. இதைக் கவனித்தால் பொதுவா, காப்பீடா என்ற கேள்வியே, பொதுப் பணம் எந்த வாசல் வழியாகப் போக வேண்டும் என்ற கேள்வியாக மாறுகிறது.

அந்த வாசலால் விளைந்த நன்மை மெய்யானது. இதய அறுவைக்கும் புற்றுநோய்ச் சிகிச்சைக்கும் தனியார் ஆஸ்பத்திரிப் படியேற முடியாதிருந்த கூலிக் குடும்பம் இன்று ஏறுகிறது. தொகையின் ஒரு பகுதி அரசு ஆஸ்பத்திரிகளுக்கும் வருவது தமிழ்நாட்டு ஏற்பாட்டின் ஒரு சிறப்பு. அந்த வருவாயில் கருவி வாங்கவும் ஊழியருக்கு ஊக்கத்தொகை கொடுக்கவும் முடிகிறது. அரசு ஆஸ்பத்திரியும் அதே சிகிச்சையைச் செய்வதால் தனியார் கேட்கும் பேக்கேஜ் விலைக்கும் ஒரு கடிவாளம் இருக்கிறது. பொது ஆஸ்பத்திரி பலமற்ற மாநிலத்தில் காப்பீட்டு அட்டைக்கு இந்தப் பேரம் பேசும் வலிமை கிடைக்காது.

அட்டையின் எல்லையை ஒரு சர்க்கரை நோயாளியின் கால் காட்டும். நாற்று நடும் பெண்ணுக்குச் சர்க்கரை. சேற்றில் நின்ற காலில் புண். நாள்தோறும் விழுங்க வேண்டிய மாத்திரையும் மாதந்தோறும் பார்க்க வேண்டிய ரத்தப் பரிசோதனையும் படுக்கையில் சேராத சிகிச்சை என்பதால் காப்பீட்டில் இல்லை. புண் அழுகி விரலையோ காலையோ எடுக்க வேண்டி வந்தால் அப்ரூவல் கிடைக்கும். காலைக் காக்கும் மாத்திரைக்கு இல்லாத பணம் காலை எடுக்கும் அறுவைக்கு இருக்கிறது. இந்த இடைவெளியை நிரப்புவது ஆரம்ப சுகாதார நிலையமும், 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவமும்தான். சர்க்கரை நோயாளிகளின் பாதத்தைப் பரிசோதித்துப் புண்ணை ஆரம்பத்திலேயே பிடிக்கும் பாதம் பாதுகாப்போம் திட்டம் தஞ்சை மாவட்டத்தில் முன்னோட்டம் பார்க்கப்பட்டது பொருத்தமே.

பாம்புக்கடியும் இதே பாடத்தைச் சொல்கிறது. வரப்பில் கடிபட்டவருக்கு ஐந்து லட்ச ரூபாய் அட்டை முதல் ஒரு மணி நேரத்தில் உதவாது. நச்சுமுறி மருந்து பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருக்கிறதா, அதை ஏற்றத் தெரிந்தவர் இரவுப் பணியில் இருக்கிறாரா என்பவையே அங்கே உயிர்க் கேள்விகள். மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் 1978 முதல் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் எடுக்கும் நஞ்சு, வேறு மாநிலத் தொழிற்கூடங்களில் குதிரைகளின் உடலில் நச்சுமுறியாகிறது. இலங்கை வைத்தியசாலைகள் பயன்படுத்துவதும் இந்தியாவில் செய்த நச்சுமுறியே. இரு கரை உழவரையும் ஒரே மருந்து காக்கிறது, இரண்டு இடத்திலும் அதை வாங்கி வைப்பது அரசே.

நடுத்தர வர்க்கம் தன் காசில் வாங்கும் தனியார் பாலிசி வேறு உலகம். வயது ஏற ஏறப் பிரீமியம் ஏறும். அறை வாடகை வரம்பு, முன்பே இருந்த நோய்க்குக் காத்திருப்பு, க்ளெய்ம் தள்ளுபடி ஆகியவை பற்றிய புகார்கள் ஓயாதவை. 2024-இல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் முன்னோய்க் காத்திருப்பின் உச்சத்தை 48 மாதத்திலிருந்து 36-ஆகக் குறைத்தது. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் பாலிசிக்கான 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. நீங்கியது. இவை வரவேற்கத் தக்கவை. ஆனால் நிலையான மாத வருமானம் இல்லாத குத்தகை விவசாயிக்குப் பாலிசி எட்டாக் கனியே. அரசு ஊழியருக்கான அக்ரஹார காப்பீடு போன்றவை தவிர இலங்கையிலும் காப்பீடு பெரிதாக வேரூன்றவில்லை.

இந்திய தேசிய சுகாதாரக் கணக்குப்படி மொத்த மருத்துவச் செலவில் கைக்காசின் பங்கு 2013-14-இல் 64.2 விழுக்காடாக இருந்து 2021-22-இல் 39.4-ஆக இறங்கியது. அரசின் செலவு அந்த ஆண்டு நாட்டு உற்பத்தியில் 1.84 விழுக்காடு, 2017-இன் தேசிய சுகாதாரக் கொள்கை 2025-க்குள் எட்ட நினைத்தது 2.5. காப்பீட்டுக்கு ஒதுக்கும் ரூபாய் கிராமத்துச் சுகாதார நிலையத்தின் ரூபாயைத் தின்னாமல் பார்த்துக்கொள்வதே இந்தக் குறுகிய நிதிக்குள் முதல் கடமை. வரியை மட்டும் நம்புவதற்கும் ஆபத்து உண்டு. 2022-இல் இலங்கையின் அந்நியச் செலாவணி வற்றியபோது பேராதனை போதனா வைத்தியசாலை வழக்கமான அறுவைகளைத் தள்ளிவைத்தது. அரிசி, பால்மாவோடு மருந்துகளையும் தமிழ்நாடு கப்பலில் அனுப்பியது அப்போதுதான். வைத்தியரும் செவிலியரும் இடத்தில் இருந்தனர், மருந்துதான் இல்லை. போதிய உள்நாட்டு மருந்து உற்பத்தி இல்லாத பொது மருத்துவம் எவ்வளவு நொய்ந்தது என்பதை அது காட்டியது. தனியார் காப்பீடு அன்று பரவலாக இருந்திருந்தாலும் இல்லாத மருந்தை வாங்கிக் கொடுத்திருக்காது.

இக்கருத்தரங்கின் அமர்வுகள் எடுத்துக்கொள்ள வேண்டிய கடினமான இடம் ஒன்று எஞ்சியிருக்கிறது. டெல்டாவில் இன்று நடவுக்கு மேற்கு வங்கத்திலிருந்து ஆட்கள் குழுவாக வருகின்றனர். முதலமைச்சர் காப்பீட்டு அட்டைக்கு இம்மாநிலக் குடும்ப அட்டையும், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்ற சான்றும் வேண்டும். மாநிலம் தாண்டிச் செல்லுபடியாகும் ஆயுஷ்மான் பாரத்திலிருந்து மேற்கு வங்கம் 2019-இல் விலகியபோது அந்த ஆட்களுக்கு அதுவும் கைகொடுக்காமல் போயிற்று. தொழிலாளர் அரசு காப்பீடு 1948-இன் சட்டத்தால் வந்தும் வயல் வேலை அதன் வரம்புக்கு வெளியே நின்றது. காய்ச்சலோடு வரும் அந்த நடவு ஆளை ஒரத்தநாடு அரசு மருத்துவமனையின் வெளிநோயாளர் சீட்டு எந்த அட்டையும் கேட்காமல் உள்ளே விடுகிறது. அவருக்குப் பெரிய அறுவை தேவைப்பட்டால் தஞ்சை மருத்துவக் கல்லூரியில் அதற்கான கணக்கை எந்தத் தலைப்பில் எழுதுவது, எந்த மாநிலம் ஈடு செய்வது என்பதற்கு விதி வகுக்க வேண்டும். அதுவரை அந்தச் செலவைத் தமிழ்நாட்டு வரிப்பணமே ஏற்பது நியாயம். இங்கே விளையும் நெல்லில் அவருடைய உழைப்பும் இருக்கிறது.