மூன்று புதிய உடன் ஊழியர்கள்

(ஆதரவாளர் கூடுகையில் மருத்துவமனைக் குருவானவர் ஆற்றிய உரை)



முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மூவரின் பெயர்களையும் செயலாளர் ஐயா சற்றுமுன் வாசித்தார்கள். அவர்கள் செய்யப்போகும் வேலையைச் சொல்லும் பொறுப்பு எங்களுக்கு.

இரத்தம் சரியாக உறையாத ஹீமோபிலியா வியாதியைப் பற்றி உங்களில் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். இரத்தத்தை உறையச் செய்யும் ஃபாக்டர்களில் எட்டாவது குறைந்தால் ஹீமோபிலியா ஏ. ஒன்பதாவது குறைந்தால் ஹீமோபிலியா பி. சிறு கீறல் பட்டாலே இரத்தம் கொட்டி உயிர் போய்விடும் என்று ஜனங்கள் பயப்படுகிறார்கள். ஆனால் இந்தப் பிள்ளைகளை முடமாக்குவது பெரும்பாலும் வெளியே தெரியாத கசிவுதான். முழங்கால், கணுக்கால், முழங்கை ஆகிய மூட்டுகளுக்குள் இரத்தம் திரும்பத் திரும்பக் கசிந்து மூட்டையே அரித்துவிடுகிறது.

முதலாமவர் செவிலியர். மூட்டு வீங்குவதற்கு முன்பே பிள்ளைக்கு அங்கே குறுகுறுப்பும் சூடும் தெரியும். அந்த நேரத்திலேயே ஃபாக்டர் ஏற்றினால் மூட்டு தப்பும். ஆகையால் இரவிலும் தொலைபேசியை எடுப்பது இவருடைய வேலை. வீட்டிலேயே நரம்பில் ஊசி போடத் தாய்மாருக்குக் கற்றுக்கொடுப்பார். ஆஸ்பிரின் கொடுக்க வேண்டாம், தசையில் ஊசி போட வேண்டாம் என்று கிராமத்து வைத்தியருக்கும் பள்ளிக்கூடத்துக்கும் எழுதுவார்.

இரண்டாமவர் பிசியோதெரபிஸ்ட். வீங்கிய முழங்காலில் எண்ணெய் போட்டு உருவிவிடுவது நம் வீடுகளில் வழக்கம். இந்தப் பிள்ளைகளுக்கு அது கேடு. முதலில் ஐஸ் ஒத்தடமும் ஓய்வும். கசிவு நின்றபின் மெதுமெதுவாகப் பயிற்சி. மடங்கிப்போன கால் அங்குலம் அங்குலமாகத்தான் நீளும். பொறுமையுள்ள ஒருவரைத் தேடினோம், கிடைத்தார்.

மூன்றாமவர் சமூகப் பணியாளர். இவர் ஏன் வேண்டும் என்பதற்கு எங்கள் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். சில வருஷங்களுக்கு முன் ஒரு தாய் எட்டு வயது மகனோடு வார்டில் இருந்தார். இந்த வியாதி தாய்வழியாக வருகிறது என்று, மாமியார் பக்கத்தில் நிற்கும்போதே, நாங்கள் விளக்கினோம். மறுநாள் காலையில் கட்டில் காலியாக இருந்தது. ஒன்றரை வருஷம் கழித்து அவர்கள் திரும்பி வந்தபோது, பையனின் முழங்கால் மடங்கியபடியே நின்றுபோயிருந்தது.

நாங்கள் சொன்னது பொய்யல்ல, பாதி உண்மை. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினருக்கு, குடும்பத்தில் முன்பு யாருக்கும் இல்லாமலே இது வருகிறது. அப்படி வந்தாலும், தாய்வழி வந்தாலும், குற்றம் யாருடையதும் அல்ல. அதை அன்று சொல்லாமல் விட்டோம். இனி இவர் அந்த வீட்டாரோடு உட்கார்ந்து பேசுவார். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஹீமோபிலியாவும் சேர்க்கப்பட்டிருக்கிறது. அதற்கான சான்றிதழ் பெறவும் கூடவே அலைவார்.

பெண்களையும் மறந்திருந்தோம். பன்னிரண்டு வருஷம் பெரும்பாட்டினால் வருந்திய ஸ்திரீயைப் பற்றி எத்தனையோ பிரசங்கம் செய்திருக்கிறோம். மாதந்தோறும் அளவுக்கு மீறி இரத்தம் போகும் பெண்களில் சிலருக்கு வான் வில்லிபிராண்ட் என்னும் உறைதல் குறை இருக்கக்கூடும். வெட்கத்தினால் அவர்கள் சொல்வதில்லை, நாமும் கேட்பதில்லை. இனி நம் செவிலியர் கேட்பார்.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் ஹீமோபிலியா ஏ உள்ள ஐந்து பேருக்கு அளித்த மரபணு சிகிச்சையின் நல்ல முடிவுகள் 2024-இல் வெளியாயின. அதற்காக நன்றி செலுத்துகிறோம். ஆனால் அது எல்லாருக்கும் எட்டும்வரை, இன்று நம் வாசலில் நொண்டிக்கொண்டு நிற்கும் பிள்ளைக்கு இந்த மூவர் தேவை.

நீங்கள் தரும் காணிக்கை இவர்களுடைய சம்பளமாகிறது. கட்டடம் கட்டினால் கல்வெட்டில் பெயர் பொறிக்கலாம். சம்பளத்துக்குக் கல்வெட்டு இல்லை. ஆனால் அந்தப் பையன் இப்போது கம்பியைப் பிடித்துக்கொண்டு தினமும் பயிற்சி செய்கிறான். குதிகால் இன்னும் தரையில் படவில்லை. படும் நாளில் உங்களுக்கு எழுதுகிறோம். அதுவரை அவனையும், அவன் தாயையும், இந்த மூவரையும் உங்கள் ஜெபத்தில் நினைத்துக்கொள்ளுங்கள்.