தொட்டுப் பார்க்க ஒரு மேசை

கோடை இசை விழாவுக்குள் அறிவியல் நுழைய ஒரு மேசை போதும். மேசைமேல் ஒரு பித்தளைத் தகடு, ஒரு பிடி மணல், ஒரு வயலின் வில். தகட்டின் நடுவைத் திருகாணியால் இறுக்கி, மணலைத் தூவி, விளிம்பில் வில்லை இழுத்தால் தகடு பாடும். பாடிய கணமே மணல் துள்ளி ஓடிக் கோடு கோடாக ஒதுங்கும். விளிம்பை வேறோர் இடத்தில் விரலால் தொட்டு இழுத்தால் சுருதி மாறும், கோலமும் மாறும். அதிரும் இடத்தில் மணல் நிற்காது. அதிராத கோடுகளில் மட்டுமே வந்து அடங்கும். ஓசை போட்ட கோலத்தை ஐந்து வயதுக் குழந்தையும் தன் கையாலேயே வரவழைத்துவிடும்.

இதை 1787-இல் நூலாக எழுதியவர் ஜெர்மானியர் எர்ன்ஸ்ட் கிளாட்னி. 1809-இல் பாரிசில் நெப்போலியனே இந்த மணல் கோலத்தைக் கண்டு வியந்தார். கோலம் ஏன் விழுகிறது என்று கணக்கால் விளக்குவோருக்குப் பரிசு அறிவிக்கப்பட்டது. விடாமல் மூன்று முறை எழுதி அனுப்பி, 1816-இல் அதை வென்றவர் ஒரு பெண், சோஃபி ஜெர்மேன். பெண் என்பதால் பாரிசின் பெரிய கல்லூரி அவருக்குக் கதவைச் சாத்தியது. ஓர் ஆண்மகனின் பெயரில் பாடக் குறிப்புகளை வரவழைத்துப் படித்தவர் அவர். சாத்திய கதவுக்கு வெளியே நின்ற கைதான் அந்த விடையை எழுதியது.

இன்றும் அந்தக் கதவு வேறு பெயரில் நிற்கிறது. அதன் பெயர் ‘தொடாதீர்கள்’. ஆய்வுக்கூட வாசலில் அந்தப் பலகை, கண்காட்சியில் அந்தப் பலகை, பள்ளி அலமாரியின் பூட்டிலும் அதே பலகை. கண்ணாடிக்குள் இருக்கும் கருவியைப் பார்த்துவிட்டு வரும் பிள்ளைக்குக் கருவியின் பெயர் தெரியும்; கருவியைத் தெரியாது.

அந்தப் பலகையைக் கழற்றி எறிந்தவர்களுள் முதன்மையானவர் ஃபிராங்க் ஓப்பன்ஹைமர். அணுகுண்டுத் திட்டத்தில் பெயர் பெற்ற ராபர்ட் ஓப்பன்ஹைமரின் தம்பி. 1949-இல் அரசியல் காரணத்தால் பல்கலைக்கழக வேலை போயிற்று. இயற்பியல் அறிஞர் கொலராடோ மலையடிவாரத்தில் மாடு வளர்த்தார். பிறகு அந்த ஊர்ப்பக்கத்துப் பள்ளியிலேயே பாடம் நடத்தினார். அங்கே கைக்குக் கிடைத்த பொருள்களெல்லாம் பாடமாயின. 1969-இல் சான் பிரான்சிஸ்கோவில் அவர் திறந்த எக்ஸ்புளோரட்டோரியத்தில் திருகலாம், தள்ளலாம், இழுக்கலாம், ஊதலாம். உலகெங்கும் இன்று பிள்ளைகள் தொட்டு விளையாடும் அறிவியல் கூடங்கள் பலவற்றுக்கு அந்தக் கூடமே முன்மாதிரி.

இந்த விளையாட்டை இசை விழாவுக்குள் கொண்டுசென்ற நாடுகளுள் ஒன்று பிரிட்டன். வேல்ஸ் மலைநாட்டில் ஆகஸ்டில் நடக்கும் கிரீன் மேன் விழாவில் ‘ஐன்ஸ்டீனின் தோட்டம்’ என்று அறிவியலுக்கே ஒரு பகுதி அமைந்தது. செஷயரில் ஜோட்ரெல் பேங்க் வானாய்வு நிலைய வளாகத்திலேயே 2016 ஜூலையில் புளூடாட் விழா பிறந்தது. 1957-இல் முதல் செயற்கைக்கோளான ஸ்புட்னிக்கைச் சுமந்துசென்ற ராக்கெட்டை ரேடாரால் தேடிப் பிடித்த லவெல் தொலைநோக்கி, 76 மீட்டர் விட்டத்தோடு அங்கே வானம் பார்த்து நிற்கிறது. விழாவின் பெயரே ஒரு புகைப்படத்தின் நினைவு. 1990 பிப்ரவரி 14 அன்று, ஏறக்குறைய 600 கோடி கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து வாயேஜர் 1 விண்கலம் எடுத்த படத்தில் பூமி ஒரு வெளிர் நீலப் புள்ளி. பாட்டுக் கேட்க வந்தவர்கள் அந்தப் புள்ளியைத் தெரிந்துகொண்டு வீடு திரும்பினார்கள்.

பாட்டுக் கச்சேரியில் அறிவியலுக்கு என்ன வேலை, வித்தை காட்டி அறிவை மலிவாக்குகிறார்கள் என்று சொல்வோர் உண்டு. அவர்களுக்கு மைக்கேல் ஃபாரடே எப்போதோ பதில் சொல்லிவிட்டார். மின்காந்தத் தூண்டலைக் கண்டுபிடித்த அந்த மேதை, லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் சிறுவர்களுக்கான கிறிஸ்துமஸ் சொற்பொழிவுகளை 19 ஆண்டுகள் நடத்தினார். ஒரே ஒரு மெழுகுவர்த்தியைக் கொளுத்தி வைத்து முழு வேதியியலையும் அதிலிருந்து விரித்தார். ஃபாரடே செய்தால் மலிவாகாத அறிவு, மைதானத்து மேசையில் மட்டும் மலிவாகிவிடாது.

மேலும், இசை விழா மைதானமே பெரிய ஆய்வுக்கூடம். காற்றில் ஒலி ஒரு வினாடிக்குச் சுமார் 340 மீட்டர் செல்கிறது. தூரத்தில் நிற்பவரின் கண்ணுக்கு டிரம்காரரின் குச்சி முதலில் விழும். காதுக்கு அடி பிறகு வரும். மைதானத்தின் நடுவில் நிற்கும் ஒலிபெருக்கிக் கோபுரத்துக்கு மைக் செட்காரர் வேண்டுமென்றே தாமதம் கொடுக்கிறார். 100 மீட்டருக்கு ஏறக்குறைய 0.3 வினாடி. கொடுக்காவிட்டால் மேடை ஓசையும் கோபுர ஓசையும் முட்டிக்கொண்டு பாட்டு இரட்டையாகக் கேட்கும். அந்தத் தாமதத்தைக் கூட்ட ஒரு குமிழ், குறைக்க ஒரு குமிழ் என்று மேசையில் வைத்துவிட்டால், ஒலியின் வேகம் விரல்நுனிக்கு வந்துவிடும்.

காதைக் காக்கும் பாடமும் அங்கேதான் எடுபடும். 85 டெசிபலை 8 மணி நேரம் வரை தாங்கலாம். அதற்குமேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும் என்பது அமெரிக்கத் தொழில் சுகாதார நிறுவனத்தின் அளவுகோல். அந்தக் கணக்கில் 100 டெசிபலுக்குக் கிடைப்பது 15 நிமிடம். ஒலியளவுமானியைக் கையில் பிடித்து மேடையை நோக்கி நடக்கும் இளைஞர், முள் ஏறுவதைத் தானே பார்த்துவிட்டுக் காதடைப்பானைத் தேடுவார்.

இந்த மேசைக்குத் தமிழ்நாட்டிலிருந்து ஒரு கருவி போகவேண்டும் என்றால், அது மிருதங்கம். சாதாரணத் தோலைத் தட்டினால் எழும் மேல்சுரங்கள் அடிச்சுரத்தோடு பொருந்தாது, 1.59 மடங்கு, 2.14 மடங்கு என்று சிதறும். அதனால்தான் பல பறைகளில் தாளம் உண்டு, திட்டமான சுருதி இல்லை. மிருதங்கத்தின் வலந்தலையோ சுருதி சேரும். நடுவில் ஏற்றிய கரும்பொட்டு அதிர்வுகளை 1, 2, 3, 4, 5 என்ற முழு மடங்குகளுக்குக் கொண்டுவருகிறது. இதை 1920-இல் நேச்சர் இதழில் எழுதிக் காட்டியவர்கள் திருச்சியில் பிறந்த சி. வி. ராமனும் சிவகாளி குமாரும்.

ராமன் விளக்கினார். செய்தவர் யார்? சோற்றோடு கிட்டக்கல் பொடியைப் பிசைந்து, ஒரு பூச்சு வைத்து, கல்லால் தேய்த்து, தட்டிக் கேட்டு, மறுபடியும் ஒரு பூச்சு வைத்துத் தேய்த்து, ஓசை திரளும்வரை ஓயாமல் இருந்த அந்தக் கைக்குப் பெயர் எழுதி வைக்கப்படவில்லை. தோலைத் தொட்டவர் என்று அவரையும் தொடாமல் விலக்கியது ஊர். சமன்பாடு எழுதும் முன்பே விடையைக் காதால் கண்ட அவர் ஆராய்ச்சியாளர்.

விழா மேசையில் பூச்சின் வேலையைக் காட்டுவது எளிது. மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பித் தோலின் நடுவில் ரவைப் பசையை ஒரு சிறு உருண்டையாக ஒட்டித் தட்டச் சொல்ல வேண்டும். ஓசை தணியும். இன்னும் கொஞ்சம் ஒட்டினால் இன்னும் தணியும். சுரண்டி எடுத்தால் ஏறும். எடை கூடினால் அதிர்வெண் குறையும் என்ற விதி, பசை ஒட்டிய விரலோடு பிள்ளையின் நினைவில் தங்கும். மேசையோரத்தில் ஓர் அட்டை இருக்க வேண்டும். அதில் ராமனின் பெயருக்கு முன்னால், அந்த மிருதங்கத்தை மூட்டியவரின் பெயர் வரவேண்டும்.