தாங்கும் கை

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

ஆண்டு விழா மேடையில் புலவர்களும் பேராசிரியர்களும் பேசுவதே மரபு. புகைப்படக்காரனுக்கு உரிய இடம் மேடைக்குக் கீழே. இவ்வாண்டு நம் செயலாளர் அவர்கள் என்னை மேலே ஏற்றிவிட்டார்கள். "எங்கள் வீட்டுப் பிள்ளைகளை எல்லாம் படம் எடுத்தவர் நீங்கள், அதைப் பற்றியே பேசுங்கள்" என்பது அவர்கள் இட்ட கட்டளை. எனக்குத் தெரிந்த தொழிலும் அஃது ஒன்றே. ஆதலின், பிறந்த குழந்தையைப் படம் பிடிப்பது குறித்துச் சில சொல்ல விழைகிறேன்.

பிரான்சு நாட்டு டாகேர் கண்ட புகைப்பட முறை உலகுக்கு அறிவிக்கப்பெற்ற ஆண்டு 1839. நம் நாட்டிலும் அக்கலை விரைவில் வேரூன்றிற்று. 1854 இல் பம்பாயிலும் 1856 இல் சென்னையிலும் புகைப்படச் சங்கங்கள் தோன்றின. ஆயின் அக்காலத்துத் தகடுகள் ஒளியை மிக மெதுவாகவே ஏற்றன. படம் பிடிக்கப்படுபவர் பல விநாடிகள் அசையாது இருத்தல் வேண்டும். பெரியவர்களுக்கே தலையின் பின்னால் இரும்புத் தாங்கி வைத்தார்கள். கைக்குழந்தையை யார் அசையாது இருத்துவது? தாய்தான்! மேனாட்டு ஸ்டுடியோக்களில் தாயை நாற்காலிபோல் அமர்த்தி, தலைமுதல் கால்வரை துணியால் போர்த்தி, அவள் மடியில் குழந்தையை வைத்துப் படம் எடுத்தனர். படத்தில் குழந்தை மட்டும் தெரியும். தாய் வெறும் திரைச்சீலையாகத் தெரிவாள். இத்தகைய பழம்படங்கள் ஏறத்தாழ ஆயிரத்தைத் திரட்டி, லிண்டா ஃபிரெக்னி நாக்லர் என்னும் பெண் கலைஞர் 2013 இல் வெனிசு நகரக் கலைக்காட்சியில் வைத்தார். 'மறைந்த தாய்' என்பது அத்தொகுப்பின் பெயர்.

1871 இல் மேடக்ஸ் என்னும் ஆங்கில மருத்துவர் ஜெலட்டின் உலர்தகட்டுக்கு வழி கண்டார். அம்முறை வளர வளர, கண்ணிமைக்கும் நேரத்தில் படம் எடுப்பது இயலுவதாயிற்று. போர்வைக்குள் இருந்த தாய் வெளியே வந்தாள். இதனை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மீண்டும் இவ்விடத்துக்கு வருவேன்.

நம் புனேயின் கதைக்கு வருவோம். கிர்க்கித் தொழிற்சாலையிலும் படைத்துறை அலுவலகங்களிலும் ரயில்வேயிலும் வேலை பார்க்க வந்த நம்மவர், ஊருக்குப் போவது ஆண்டுக்கு ஒரு முறை. சிலர்க்கு அதுவும் இல்லை. இங்கே பிறந்த பேரனைத் தாத்தா பார்ப்பது எங்ஙனம்? புகைப்படத்தில்தான். இரண்டு அட்டைகளுக்கு நடுவே படத்தை வைத்து, 'மடிக்கக் கூடாது' என்று மேலே எழுதி அஞ்சலில் அனுப்புவார்கள். அந்நாளில் நான் பயன்படுத்திய 'இந்து' தாள், 1960 இல் நிறுவப்பெற்ற உதகமண்டலம் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலையில் ஆனது. தமிழ் மண்ணில் செய்த தாளில் புனேயில் பிறந்த பிள்ளையின் முகம் பதிந்து, மீண்டும் தமிழ் மண்ணுக்கே போயிற்று! அவ்வாலை இன்று இயங்கவில்லை. அந்தப் படங்களோ ஊர்ச் சுவர்களில் இன்னும் தொங்குகின்றன.

தொழிலுக்கு வந்த புதிதில், ஒரு குழந்தையின் கன்னத்திலிருந்த மைப்பொட்டைக் கறை எனக் கருதித் தூரிகையால் மறைத்துவிட்டேன். படத்தைப் பெற வந்த பாட்டியார், "பொட்டில்லாத பிள்ளையையா ஊருக்கு அனுப்பச் சொல்கிறாய்? எத்தனை கண் படும்!" என்று கேட்டார். மறுபடி ஒரு படி எடுத்துக் கொடுத்தேன். மராட்டியத் தாய்மாரும் அதே பொட்டைத் 'தீட்' என்று சொல்லி இடுகிறார்கள். மொழி வேறு, தாயின் அச்சம் ஒன்றே. அன்றுமுதல் எந்தப் பொட்டையும் நான் அழித்ததில்லை.

இக்காலத்துப் பெற்றோர் விரும்பும் படம் வேறு. ஆஸ்திரேலியாவில் பிறந்த ஆன் கெடிஸ் அம்மையார், பூக்களுக்கும் இலைகளுக்கும் நடுவே குழந்தைகளை வைத்து எடுத்த படங்களை 1996 இல் நூலாக வெளியிட்டார். உலகெங்கும் அவை பரவின. இன்று கூடையிலும் கிண்ணத்திலும் குழந்தை உறங்குகிறது. இரு கைகளில் முகவாயை ஊன்றித் தவளைபோல் அமர்ந்திருக்கிறது. பிறந்து இரண்டு வாரத்துக்குள் எடுத்தால்தான் குழந்தை கருவில் இருந்ததுபோல் சுருண்டு உறங்கும் என்கிறார்கள். அது மெய்யே.

ஆனால் தாய்மார்களே, தன் தலையைத் தானே தாங்கும் வலிமை பிறந்த குழந்தையின் கழுத்துக்கு இல்லை. அது வருவதற்கு மூன்று நான்கு மாதங்கள் ஆகும். அவ்வாறாயின் அந்தத் தவளைப் படம் எப்படி வந்தது? முதற்படத்தில் ஒருவர் குழந்தையின் தலையைப் பிடித்திருப்பார். இரண்டாம் படத்தில் மணிக்கட்டுகளைப் பிடித்திருப்பார். இரண்டையும் கணிப்பொறியில் இணைத்துப் பிடித்த கைகளை அழித்துவிடுவார்கள். பார்ப்பவர்க்குக் குழந்தை தானே அமர்ந்திருப்பதாகத் தோன்றும்.

இதனை அறியாமல் நான் ஒரு பிழை செய்தேன். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இளந்தாய் தம் கைப்பேசியில் அப்படத்தைக் காட்டி, "இதுபோலவே வேண்டும்" என்றார். இத்தனை ஆண்டு அனுபவம் இருக்கிறதே என்ற செருக்கில் குழந்தையை அவ்வாறே அமர்த்திக் கேமிராவின் பக்கம் திரும்பினேன். ஒரு கணத்தில் தலை சரிந்தது. அருகே நின்ற தாய் எட்டிப் பிடித்துவிட்டார். குழந்தைக்குத் தீங்கு ஒன்றும் இல்லை. ஆயினும் என் கை நடுக்கம் நிற்க நெடுநேரம் ஆயிற்று. அன்று படம் எடுக்கவில்லை; பணமும் பெறவில்லை.

ஆகவே உங்களுக்குச் சில வேண்டுகோள். படம் எடுப்பவர் உங்கள் கண்முன் கை கழுவட்டும், மோதிரத்தைக் கழற்றட்டும். சளியோ இருமலோ உள்ளவர் குழந்தையைத் தொட வேண்டா. பச்சிளங் குழந்தை தன் உடற்சூட்டைத் தானே காத்துக்கொள்ள மாட்டாது. துணி களையும் அறை வெதுவெதுப்பாக இருக்கட்டும். குழந்தை அழுதால் பால் கொடுங்கள், கேமிரா காத்திருக்கும். கை எட்டும் தூரத்தில் வீட்டார் ஒருவர் எப்போதும் இருத்தல் வேண்டும்.

"நாற்பது நாள் ஆகாமல் பிள்ளையை வெளியே எடுக்கலாகாது" என்று பாட்டியார் தடுப்பார். "இரண்டு வாரம் கடந்தால் இந்தப் படம் வாராது" என்று மருமகள் வருந்துவார். இவ்வழக்கு என் முன்னே பலமுறை வந்திருக்கிறது. இருவர் பக்கமும் நியாயம் உண்டு. ராஜா தீனதயாள் 1892 இல் ஐதராபாத்தில் கோஷாப் பெண்களுக்கென்றே ஒரு ஸ்டுடியோ அமைத்து, அதனை ஓர் ஆங்கிலப் பெண்மணியின் பொறுப்பில் விட்டார். அன்று மக்களின் வழக்கத்துக்கு ஏற்ப ஸ்டுடியோ வளைந்து கொடுத்தது. இன்றும் அது வளையலாம். குழந்தை வெளியே வர வேண்டா, கேமிரா வீட்டுக்கு வரட்டும். பதினோராம் நாள் தொட்டிலில் இடும்போது, காலை வேளையில், ஜன்னல் ஓரத்து ஒளியைவிட நல்ல விளக்கு எந்த ஸ்டுடியோவிலும் இல்லை.

இறுதியாக ஒரு நிகழ்ச்சி. 1978 இல் ஒரு தம்பதியர் தம் ஆண் குழந்தையைக் கொண்டுவந்தார்கள். பேறுகாலத்துக்குத் துணையாக வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்திருந்த பாட்டியும் உடன் வந்தார். குழந்தையின் முதுகைப் பின்னாலிருந்து தாங்கியவர் அவரே. "கை தெரியாமல் படம் போடுங்கள்" என்று தகப்பனார் சொன்னார். அப்படியே ஓரத்தை வெட்டிக் கொடுத்தேன். சென்ற ஆண்டு நாற்பது வயதைக் கடந்த ஒருவர் என்னைத் தேடி வந்தார். அந்தக் குழந்தைதான். "என்னை வளர்த்தது பாட்டி. இருவரும் சேர்ந்து இருக்கும் படம் ஒன்றுகூட இல்லை, ஐயா" என்றார். பல ஸ்டுடியோக்களில் பழைய நெகடிவ்களை எடைக்குப் போட்டுவிட்டார்கள். நான் போடவில்லை. இரண்டு நாள் தேடினேன், கிடைத்தது. படத்தை முழுமையாக எடுத்தபோது, குழந்தையின் முதுகருகே மணிக்கட்டில் பச்சை குத்திய ஒரு கை தெரிந்தது. முகம் இல்லை, கை மட்டுமே. அவர் அதனை நெடுநேரம் பார்த்திருந்து, "இந்தக் கைதான்" என்றார்.

அன்பர்களே! அன்று தாயைத் துணிக்குள் மறைத்தார்கள். இன்று கணிப்பொறியால் அழிக்கிறார்கள். குழந்தையின் முகம் ஆண்டுதோறும் மாறும். அதனைத் தாங்கிய கை ஒரு நாள் இல்லாமற் போகும். ஆதலின் அடுத்த முறை படம் எடுக்கும்போது, தாங்கும் கையும் படத்தில் இருக்கட்டும். அதனைக் கைப்பேசியிலேயே விட்டுவிடாமல் தாளில் ஒரு படி எடுத்துப் பின்புறத்தில் பெயரும் நாளும் குறித்து வையுங்கள். கை யாருடையது என்பதையும் மறவாமல் எழுதுங்கள்.