பிஸ்டல் பழக விரும்புவோருக்கு: வாங்குவதற்கு முன் சில வார்த்தைகள்

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். கூட்டத்துக்கு வர முடியாதவர்களுக்காக இங்கே தருகிறோம்.)



இன்றைய நிகழ்ச்சி நிரலில் இரண்டு விஷயங்கள் அடுத்தடுத்து இருக்கின்றன. ஒன்று, மொட்டை மாடியில் ஏர் பிஸ்டல் பழக இடம் ஒதுக்கித் தரச் சொல்லிச் சில பெற்றோர் கொடுத்த மனு. இன்னொன்று, மாடித் தண்ணீர்த் தொட்டியின் மூடியில் பெல்லட் பட்ட ஓட்டை இருப்பதாக பிளம்பர் சொன்ன புகார். நான் கிளப்பில் சுடுபவன் என்பதால் இரண்டையும் சேர்த்துப் பேசும்படி செயலாளர் கேட்டுக்கொண்டார். யார் சுட்டது என்று நான் விசாரிக்கப் போவதில்லை. இந்த விளையாட்டை எப்படி ஆரம்பிக்க வேண்டும் என்பதைச் சொல்கிறேன். அதைக் கேட்டாலே மாடி விஷயத்தில் என்ன முடிவு எடுப்பது என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.

பிள்ளைகளுக்கு இந்த ஆசை எங்கிருந்து வந்தது என்பது நமக்குத் தெரியும். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் ஏர் பிஸ்டலில் இரண்டு வெண்கலம் வாங்கினார். சுதந்திரத்துக்குப் பிறகு ஒரே ஒலிம்பிக்கில் இரண்டு பதக்கம் வாங்கிய முதல் இந்தியர் அவர்தான். பக்கத்துக் கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 2019 ரியோ உலகக் கோப்பையில் ஏர் ரைபிளில் தங்கம் வென்றார். பெரியவர்களுக்கும் உதாரணம் இருக்கிறது. நடிகர் அஜித்குமார் ஐம்பது வயதை ஒட்டி, 2021இல் சென்னையிலும் 2022இல் திருச்சியிலும் நடந்த மாநிலப் போட்டிகளில் பதக்கங்கள் வாங்கினார். ஆகவே வயது ஒரு தடை இல்லை.

சினிமாவில் பார்ப்பது எது, இங்கே முடிவது எது

இளைஞர்கள் சிலர் என்னிடம் வீடியோ காட்டுகிறார்கள். இடுப்பு உறையிலிருந்து பிஸ்டலை உருவி, ஓடிக்கொண்டே வரிசையாக அட்டைகளைச் சுடுகிறார்கள். அதற்குப் பெயர் பிராக்டிகல் ஷூட்டிங். 1976இல் அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் அதற்கான சர்வதேச அமைப்பு தொடங்கியது. முதல் தலைவர் ஜெஃப் கூப்பர். வாங்கிய புள்ளிகளை எடுத்துக்கொண்ட நொடிகளால் வகுத்துத்தான் அதில் மதிப்பெண் போடுவார்கள். குறியும் வேண்டும், வேகமும் வேண்டும்.

உலகம் முழுவதும் அதில் பெரும்பாலோர் 9 மி.மீ. பிஸ்டலில் சுடுகிறார்கள். நம் நாட்டில் அது சாதாரண லைசென்ஸில் கிடைக்காத, தடை செய்யப்பட்ட வகை. அந்த வேகத்தின் மேல் ஆசை இருந்தால் நமக்கு அருகில் இருப்பது 25 மீட்டர் ரேபிட் ஃபயர். ஐந்து அட்டைகளில் ஐந்து குண்டு. முதலில் 8 நொடி, பிறகு 6, கடைசியில் 4 நொடி. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் ராணுவ வீரர் விஜய் குமார் வெள்ளி வாங்கியது இந்தப் பிரிவில்தான். ஆனால் எந்தப் பிரிவுக்குப் போவதாக இருந்தாலும் இந்தியாவில் சாதாரண மனிதருக்கான வாசல் 10 மீட்டர் ஏர் பிஸ்டல்தான்.

அந்தப் போட்டி இப்படி இருக்கும்: நின்றபடி ஒற்றைக் கையால் சுட வேண்டும். 75 நிமிடத்தில் 60 குண்டு. ஒவ்வொன்றுக்கும் அதிகபட்சம் 10, மொத்தம் 600. அந்தப் பத்துக்கான வட்டத்தின் குறுக்களவு 11.5 மி.மீ.; நம் சட்டைப் பொத்தான் அளவு. பெல்லட் 4.5 மி.மீ. ஈயம்.

பிராக்டிகல் ஷூட்டிங்கிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது

அந்த வீடியோக்களில் தெரியாத ஒன்று உண்டு. ஓடும்போது விரல் ட்ரிக்கர் வளையத்துக்குள் இருந்தால், குழல் பின்பக்கம் திரும்பினால், கை தவறி ஒரு குண்டு வெடித்தால், அந்த ஆளை அந்த இடத்திலேயே போட்டியை விட்டு வெளியே அனுப்பிவிடுவார்கள். உலக சாம்பியனாக இருந்தாலும் அதே விதிதான்.

ஜெஃப் கூப்பர் சொல்லிக்கொடுத்த நான்கு விதிகள் உலகமெங்கும் புழக்கத்தில் உள்ளன. என் வார்த்தையில் சொல்கிறேன். ஒன்று, எந்தத் துப்பாக்கியையும் குண்டு இருப்பதாகவே நினைத்துக் கையாள வேண்டும். இரண்டு, எதை அழிக்க மனமில்லையோ அதன் பக்கம் குழலைத் திருப்பக் கூடாது. மூன்று, சைட் குறியில் நிற்கும்வரை விரல் ட்ரிக்கருக்கு வெளியே. நான்கு, குறி எது, குறிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரிந்த பிறகே சுட வேண்டும்.

நான்காவது விதியை நம் மாடிக்குப் பொருத்திப் பாருங்கள். குறிக்குப் பின்னால் என்ன இருக்கிறது? தண்ணீர்த் தொட்டி, அடுத்த பிளாக்கின் பால்கனி, துணி காயப் போடும் அக்காமார்கள், கீழே விளையாடும் குழந்தைகள். ஏர் பிஸ்டல் பெல்லட் குறி தவறினால் நூறு மீட்டருக்கு மேலும் போகும். கடல் காற்று வீசும் நம் ஊரில் அட்டை ஒரு இடத்தில் நிற்காது. கைப்பிடிச் சுவரில் பட்டால் பெல்லட் திரும்பியும் வரும். கண்ணில் பட்டால் கண் போய்விடும்.

சட்டம் என்ன சொல்கிறது

2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி 20 ஜூலுக்கு மேல் சக்தியுள்ள, அல்லது 4.5 மி.மீட்டருக்கு மேல் குழல் உள்ள ஏர் துப்பாக்கிக்கு லைசென்ஸ் வேண்டும். போட்டி ஏர் பிஸ்டலின் சக்தி அந்த அளவில் பாதிகூட வராது. அதனால் லைசென்ஸ் வேண்டாம். கடையில் அடையாள அட்டையும் முகவரிச் சான்றும் கொடுத்து வாங்கலாம். ‘லைசென்ஸ் வேண்டாம்’ என்பதைத்தான் பலர் ‘பொம்மை’ என்று புரிந்துகொள்கிறார்கள். ஆபத்து அங்கேதான் ஆரம்பிக்கிறது.

.22 போன்ற நிஜத் துப்பாக்கிக்குச் சொந்த லைசென்ஸ் வாங்க 21 வயது நிறைந்திருக்க வேண்டும். மாவட்டத்தில் கலெக்டரிடம் விண்ணப்பிக்க வேண்டும். 12 வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் பயிற்சியாளர் முன்னிலையில் பழகச் சட்டம் இடம் தருகிறது.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். பக்கத்திலுள்ள கழுவெளி 2021இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அங்கும் மரக்காணம் உப்பளங்களிலும் இறங்கும் பறவைகள் நம் மாடி மேலாகத்தான் பறக்கின்றன. ஏர் துப்பாக்கிதானே என்று நாரையையோ கிளியையோ சுட்டால் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். பிள்ளைகளுக்கு இதைக் கண்டிப்பாகச் சொல்லி வையுங்கள்.

முதல் மூன்று மாதம்: குண்டே வேண்டாம்

போட்டிக்கான வெளிநாட்டுப் பிஸ்டல் ஒரு லட்ச ரூபாயைத் தாண்டும். உடனே வாங்காதீர்கள். கிளப்பில் கொடுக்கும் பிஸ்டலில் பழகுங்கள். கைக்கு எந்தப் பிடி பொருந்துகிறது என்பது சில மாதங்களுக்குப் பிறகுதான் தெரியும்.

வீட்டில் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. பிஸ்டலின் எடை ஏறக்குறைய ஒரு கிலோ. ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கையை நீட்டிப் பிடித்து, சுவரில் ஒரு புள்ளியைப் பார்த்து பத்து நொடி நில்லுங்கள். இறக்கி, ஓய்வெடுத்து, மறுபடியும். ஒரு நாளைக்கு இருபது முறை போதும். கால்கள் தோள் அகலத்துக்கு விரிந்திருக்கட்டும். மற்ற கை பேன்ட் பாக்கெட்டில் இருக்கட்டும்.

பிஸ்டல் கைக்கு வந்த பிறகு வெள்ளைச் சுவரைப் பார்த்து பெல்லட் இல்லாமல் ட்ரிக்கர் பழக வேண்டும். பார்வை முன் சைட்டில் கூர்மையாக இருக்க வேண்டும். அட்டை மங்கலாகத் தெரிந்தால்தான் சரி. புதிதாக வருபவர்கள் அட்டையை உற்றுப் பார்ப்பார்கள், குறி சிதறும். ட்ரிக்கரை வெடுக்கென்று இழுக்காமல் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்த வேண்டும். பத்து நொடிக்குள் அமையவில்லை என்றால் கையை இறக்கிவிட வேண்டும். நல்ல ஷூட்டருக்கு அடையாளம் எத்தனை முறை சுட்டார் என்பதல்ல, எத்தனை முறை சுடாமல் இறக்கினார் என்பது. இந்தப் பயிற்சியை ஜன்னலை, பால்கனியைப் பார்த்துச் செய்யாதீர்கள், எதிர்வீட்டுக்காரர் பயந்துபோவார்.

பிறகு ரேஞ்ச். சென்னை ரைபிள் கிளப் இருக்கிறது. வேளச்சேரி குருநானக் கல்லூரியிலும் சுடுதளம் உண்டு. கிளப் உறுப்பினராகி மாநிலப் போட்டியில் தகுதி மதிப்பெண் எடுத்தால் தென்மண்டலம், அகில இந்திய மாவ்லங்கர் போட்டி, தேசியப் போட்டி என்று படிகள் இருக்கின்றன. 1951இல் தொடங்கிய இந்திய தேசிய ரைபிள் சங்கம் இவற்றை நடத்துகிறது.

வாங்கிய பிஸ்டலைப் பார்த்துக்கொள்வதும் நம் ஊரில் தனி வேலை. உப்புக் காற்று இரும்பைச் சும்மா விடாது. ஒவ்வொரு முறையும் லேசாக எண்ணெய் தொட்ட துணியால் துடைத்து, பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, பூட்டி வையுங்கள். பெல்லட் வேறு இடத்தில், சாவி உங்களிடம். 2021இல் டோக்கியோவில் மனு பாக்கரின் பிஸ்டல் தகுதிச் சுற்றின் நடுவில் பழுதாகி நேரம் போனது எல்லோருக்கும் தெரிந்த கதை. ஈயம் விஷம், பெல்லட் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே சாப்பிட வேண்டும்.

என் வேண்டுகோள்

மொட்டை மாடியில் இடம் தர வேண்டாம். கயிறு கட்டினாலும், நேரம் ஒதுக்கினாலும் வேண்டாம். அதற்குப் பதிலாக ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு மணி நேரம் சமூகக் கூடத்தைத் தாருங்கள். பெல்லட் இல்லாமல் நிற்கவும், பிடிக்கவும், நான்கு விதிகளைப் பழகவும் சொல்லித் தருகிறேன். பிள்ளைகளோடு பெற்றோர் ஒருவரும் வர வேண்டும். மூன்று மாதம் தவறாமல் வருபவர்களைச் சென்னை ரேஞ்சுக்கு ஒரு வேனில் கூட்டிப் போவோம்.

ஏற்கெனவே வீட்டில் ஏர் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இன்றே பூட்டி வையுங்கள். தொட்டி மூடியை மாற்றிவிடலாம். அந்த வழியில் ஒரு குழந்தை நின்றிருந்தால் என்ன செய்திருப்போம் என்று மட்டும் யோசித்துவிட்டு வாக்களியுங்கள்.

பெயர் கொடுக்க விரும்புவோர் சங்க அலுவலகத்தில் உள்ள நோட்டில் எழுதுங்கள்.